இம்பீரியஸ் சாபத்தில் சிக்கியவர் செய்த குற்றத்துக்கு அவர் பொறுப்பா?

கேள்வி கேட்டவர் ஹாரி பாட்டர் வரிசையின் ஏழு புத்தகங்களையும் முடித்துவிட்டு மூன்று சந்தேகங்களோடு வந்திருக்கிறார். அடுத்தவர் இஷ்டப்படி ஆட்டிவைக்கும் இம்பீரியஸ் சாபம் விழுந்த ஆளுக்கு உள்ளே நினைவு இருக்கிறதா, இருந்தால் ஏன் வாய்விட்டுக் கத்தவில்லை? சிலரால் மட்டும் அதை எப்படி எதிர்க்க முடிந்தது? கதையின் வில்லன் வோல்டமோர்ட் முதல் தடவை ஒழிந்தபோது, அவன் கூட்டத்தில் இருந்த லூசியஸ் மால்ஃபோய் மாதிரி ஆட்கள் “என்னை மந்திரம் போட்டு ஆட்டிவைத்தார்கள்” என்று சொன்னதும் மந்திரவாதிகளின் அரசான மந்திர அமைச்சகம் எப்படி விட்டுவிட்டது? மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், கை செய்த வேலைக்கு மனசு எவ்வளவு பொறுப்பு என்பதைத்தான் அவர் கேட்கிறார். நான் மதுரையில் கிரிமினல் வழக்குகள் நடத்துகிற வக்கீல். “நானா செய்யல, செய்ய வச்சாங்க” என்பது எங்கள் தொழிலில் புளித்துப்போன வசனம். அதனால் கதையையும் சட்டத்தையும் வைத்துப் பதில் சொல்கிறேன். மூளைக்குள் என்ன நடக்கிறது என்பது மனநல மருத்துவர் பேச வேண்டிய விஷயம், அந்தப் பக்கம் நான் போகப் போவதில்லை.

கதையில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருப்பதை முதலில் பார்ப்போம். நாலாம் புத்தகத்தில் மூடி என்கிற ஆசிரியர் ஒரு சிலந்தியின் மேல் இந்தச் சாபத்தைப் போட்டுக் காட்டுகிறார். சிலந்தி கரணம் போடுகிறது, பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இதையே உங்கள் மேல் போட்டால் சிரிப்பீர்களா என்று அவர் கேட்டதும் வகுப்பு அடங்கிப்போகிறது. அப்புறம் இன்னொரு வகுப்பில் பிள்ளைகள் மேலேயே போடுகிறார். ஒருவன் தேசிய கீதம் பாடிக்கொண்டே தத்தித் தத்திக் குதிக்கிறான், ஒருத்தி அணில் மாதிரி நடந்துகொள்கிறாள். ஹாரியின் முறை வரும்போதுதான் கதாசிரியர் ரௌலிங் நமக்கு உள்பக்கத்தைத் திறந்து காட்டுகிறார். உடம்பு மிதக்கிற மாதிரி இருக்கிறது. தலையில் இருந்த கவலையெல்லாம் துடைத்தெடுத்ததுபோல் போய்விடுகிறது, காரணம் தெரியாத ஒரு சந்தோஷம் மட்டும் மிச்சம். மேசை மேல் குதி என்று ஒரு குரல் வருகிறது, முழங்கால் தானாக மடங்குகிறது. அந்த நேரத்தில் தலையின் பின்பக்கத்திலிருந்து இன்னொரு குரல், எதற்குக் குதிக்கணும் என்கிறது. குதிக்கவும் செய்து, குதிக்காமல் நிற்கவும் பார்த்து, மேசையிலேயே போய் மோதி அதைக் கவிழ்க்கிறான். முழங்கால் இரண்டிலும் சரியான அடி. அந்த வலியோடு மிதப்பும் கலைந்துவிடுகிறது.

ஏன் கத்தவில்லை என்பதற்குப் பதில் இந்தக் காட்சியிலேயே இருக்கிறது. கத்துவதற்குப் பயம் வேண்டும். இந்தச் சாபம் முதல் வேலையாகப் பயத்தைத்தான் எடுத்துவிடுகிறது. உள்ளே ஒருவன் வாயைக் கட்டிப்போட்டு அடைத்து வைக்கப்பட்டிருக்கிறான் என்று பலரும் கற்பனை செய்துகொள்கிறார்கள், படங்களைப் பார்த்ததால் வந்த எண்ணமாக இருக்கலாம். புத்தகத்தில் அப்படி இல்லை. கீழ்ப்படிவது அங்கே ஒரு சுகம். முடிவெடுக்கும் பாரத்தை வேறொருவர் தூக்கிக்கொள்கிறார், நாம் சொன்னதைச் செய்தால் போதும். மூன்று மன்னிக்க முடியாத சாபங்களில் ஒன்று கொல்கிறது, ஒன்று துடிக்க வைக்கிறது, இது ஒன்றுதான் பட்டவருக்கு இதமாக இருக்கிறது. என்னைக் கேட்டால் மூன்றில் இதுதான் மோசம். மற்ற இரண்டிலும் யார் பாதிக்கப்பட்டவர் என்று பார்க்கிறவருக்குத் தெரியும்.

இன்னொன்றும் உறுதி. சாபம் அறிவைத் தொடுவதில்லை. ஏழாம் புத்தகத்தில் பயஸ் திக்னஸ் என்கிற உயர் அதிகாரியின் மேல் வோல்டமோர்ட்டின் கையாள் யாக்ஸ்லி மிகவும் கஷ்டப்பட்டு இதைப் போடுகிறான். அவர் அதற்குப் பிறகும் அலுவலகம் போகிறார், கோப்பு பார்க்கிறார், கடைசியில் மந்திரி நாற்காலியிலேயே உட்கார்ந்து ஆட்சி நடத்துகிறார். பேச்சு, படிப்பு, தொழில் பழக்கம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. எது வேண்டும், எது வேண்டாம் என்பது மட்டும் வெளியிலிருந்து வருகிறது. ஆள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது ஏன் கஷ்டம் என்பது இதிலேயே விளங்கும். வெறித்த பார்வை, தூக்கத்தில் நடப்பதுபோன்ற நடை எல்லாம் போட்டவர் கைதேறாதவர் என்பதற்குத்தான் அடையாளம். கிரிங்காட்ஸ் வங்கியில் ஹாரி முதன்முதலாக வோல்டமோர்ட்டின் ஆளான டிராவர்ஸ் மேலும் போக்ராட் என்ற பூத ஊழியர் மேலும் போடுகிறானே, இருவரும் மந்தமாகத் திரிய, சரியாகப் போடவில்லையோ என்று அவனுக்கே கவலை வருகிறது.

எதிர்ப்பது பற்றி. ஹாரிக்கு ஏதோ பிறவி வரம் என்று நினைக்க வேண்டாம். அந்த வகுப்பில் திரும்பத் திரும்பப் போட்டுப் பழகிய பிறகுதான் முழுக்க உதறித்தள்ள முடிகிறது. பட்டுப் பழகினால் எதிர்ப்பு வளரும் என்பதற்கு அவனைவிட நல்ல சாட்சி அந்த வாத்தியார்தான். புத்தகத்தின் கடைசியில் தெரிகிறது, மூடி வேஷத்தில் இருந்தது அமைச்சக அதிகாரி கிரவுச்சின் மகன். சொந்த அப்பாவே அவனைப் பல வருஷம் இதே சாபத்தில், மறைப்புப் போர்வைக்குள் வீட்டோடு வைத்திருந்தார். குவிடிச் என்கிற மந்திர உலக விளையாட்டின் உலகக் கோப்பை சமயத்தில் அவனுக்கு நடுநடுவே சுயநினைவு திரும்ப ஆரம்பித்து, கடைசியில் பிடியை உடைத்துக்கொண்டான். உதறுவது எப்படி என்று வகுப்பெடுக்க அவனைவிடத் தகுதியான ஆள் அந்தக் கதையிலேயே கிடையாது.

அவன் அப்பா கதையும் பார்க்க வேண்டியது. பிறகு அவர் மேலேயே வோல்டமோர்ட் சாபம் போட, அவரும் மெல்ல எதிர்க்கத் தொடங்கித் தப்பி ஓடிவருகிறார். காட்டோரம் கிழிந்த துணியும் வளர்ந்த தாடியுமாக நின்று, ஒரு மரத்தைத் தன் அலுவலக உதவியாளர் என்று நினைத்துக்கொண்டு கடிதம் அனுப்பச் சொல்கிறார். அடுத்த நொடி ஹாரியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, பள்ளித் தலைமையாசிரியர் டம்பிள்டோரைப் பார்க்கணும், எச்சரிக்கணும் என்று கெஞ்சுகிறார். மறுபடியும் மரத்திடம் திரும்பி, மகன் பரீட்சையில் நன்றாக எழுதினதைப் பெருமையாகச் சொல்கிறார். பாதி வெளியே வந்த மனம் எப்படி இருக்கும் என்பதைக் கதையில் இதைவிடத் தெளிவாக எங்கும் காட்டவில்லை. எதிர்ப்பு வளர்கிற விதம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதும் இதில் தெரிகிறது, ஹாரி ஒரு பாடவேளையில் முடித்தது இவருக்குப் பைத்தியமாக வெளியே வந்தது.

இனி சந்தேகமான பகுதி. போட்டவர் ஒவ்வொரு கட்டளையையும் நினைத்துக்கொண்டே இருக்க வேண்டுமா, ஒரு தடவை சொன்னால் போதுமா? இதற்குக் கதையில் நேரடி விதி இல்லை. கிரிங்காட்ஸில் சாபம் போடும்போது மனசிலிருந்து ஒரு கதகதப்பு கைநரம்பு வழியே மந்திரக்கோலுக்குள் இறங்குவதாக ஹாரி உணர்கிறான், அதை வைத்து ஒரு தொடர்பு இருந்துகொண்டே இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் விடுதி நடத்தும் ரோஸ்மெர்ட்டா மாசக்கணக்கில் மால்ஃபோயின் மகன் டிராக்கோவின் பிடியில் இருந்தபோது, மந்திர நாணயங்கள் வழியாகத்தான் அவளுக்குச் செய்தி போகிறது. தொடர்பு தானாகவே இருந்தால் நாணயம் எதற்கு? என் ஊகம், விருப்பம் ஒரு தடவை பதிந்துவிடும், புதுத் தகவலை மட்டும் தனியாகச் சொல்லி அனுப்ப வேண்டும். ஊகம்தான், இதை யாராவது ஆதாரத்தோடு மறுத்தால் ஒத்துக்கொள்வேன். போட்டவர் செத்தால் சாபம் உடனே விலகுமா என்பதும் ரௌலிங் திறந்து விட்ட விஷயம். வங்கியின் பாதாளத்தில் இருக்கும் அருவி அதைக் கழுவிவிடும் என்பது மட்டும் உறுதி. அதில் நனைந்ததும் போக்ராட் தலையை உதறிக்கொண்டு முழிக்க, ஹாரி மறுபடியும் போட வேண்டியதாகிறது.

நம் ஊர் மாந்திரீகத்திலும் வசியம், மோகனம், தம்பனம், மாரணம் என்று எட்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்புவதில்லை. கதையிலும் அப்படித்தான். காதல் மருந்து ஆசையை உண்டாக்குகிறது, முடிவு குடித்தவருடையதாகவே தெரியும். குழப்பும் மந்திரம் உண்மையை மாற்றிக் காட்டுகிறது. இம்பீரியஸ் இரண்டையும் செய்யாமல் நேராக முடிவில் கைவைக்கிறது. சட்டத்துக்கு இந்த வித்தியாசம் முக்கியம்.

சரி, சட்டத்துக்கு வருவோம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது, பொது விதிவிலக்குகள் பெரும்பாலும் பழையபடிதான், எண்கள் மட்டும் மாறியிருக்கின்றன. ஆட்டிவைத்தவர் பாடு சுலபம். பித்துப்பிடித்தவரைத் தூண்டி வீட்டுக்குத் தீவைக்கச் சொன்னால், வைத்தவர்மேல் குற்றமில்லை, தூண்டியவர் குற்றவாளி என்று உடந்தை பற்றிய 46-ஆம் பிரிவிலேயே உதாரணம் இருக்கிறது. ஆட்டப்பட்டவருக்குத்தான் சிக்கல். மனநலம் சரியில்லாததால் செய்வது என்ன, அது தப்பா என்று தெரியாதவரை 22-ஆம் பிரிவு காப்பாற்றும். ஆனால் இம்பீரியஸில் இருப்பவருக்கு என்ன செய்கிறோம் என்று தெரியும், கவலைதான் இல்லை. தனக்குத் தெரியாமலோ விருப்பமில்லாமலோ போதை ஏற்றப்பட்டவருக்கு 23-ஆம் பிரிவு உண்டு. அதிலும் செயலின் தன்மையோ அது தப்பு என்பதோ தெரியாமல் போயிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. மிரட்டலுக்குப் பணிந்து செய்வதற்கு 32-ஆம் பிரிவு. அதற்கு அந்த நிமிஷமே உயிர் போகும் என்ற பயம் வேண்டும், கொலைக்கு அதுவும் உதவாது. இம்பீரியஸோ பயத்தையே எடுத்துவிடுகிறது. ஆக மூன்று கதவும் கொஞ்சம் கொஞ்சம் திறந்து, எதிலும் முழுசாக நுழைய முடியாமல் நிற்க வேண்டியதுதான். தன்னிச்சையான செயலே இல்லை என்று அடிப்படையிலிருந்து வாதாடுவது ஒன்றே வழி. அமெரிக்கச் சட்ட நிறுவனம் 1962-இல் வெளியிட்ட மாதிரித் தண்டனைத் தொகுப்பு, ஹிப்னாடிச வசத்தில் செய்வது தன்னிச்சையான செயல் ஆகாது என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. நம் விதிவிலக்குகளில் ஹிப்னாடிசம் என்று தனியாக ஒன்றும் கிடையாது.

இது கற்பனை உலகத்துப் பிரச்சினை என்று ஒதுக்கவும் முடியாது. 1951-இல் கோபன்ஹேகனில் பாலே ஹார்ட்ரப் என்பவர் வங்கியைக் கொள்ளையடிக்கப் போய் இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றார். அவரோடு முன்பு ஒரே சிறையில் இருந்த பியோர்ன் நீல்சன், ஹிப்னாடிசம் உட்படப் பல வழிகளில் அவரைத் தன் பிடியில் வைத்திருந்தார் என்பது வழக்கு. 1954-இல் சம்பவ இடத்திலேயே இல்லாத நீல்சனுக்கு ஆயுள் தண்டனை, சுட்ட ஹார்ட்ரப் மனநலக் காப்பகத்துக்குப் போனார். ஹிப்னாடிசத்தால் ஒருவரைக் கொலைவரை கொண்டுபோக முடியுமா என்பதில் நிபுணர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை, அதனால் இதை இம்பீரியஸுக்கு நிரூபணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீதிமன்றம் அந்தத் தரப்பைக் காதுகொடுத்துக் கேட்டது என்ற அளவில் மட்டும் பாருங்கள்.

எங்கள் பக்கத்தில் இது வேறு வேஷத்தில் வரும். குடும்பநல நீதிமன்றத்துக்குப் போகிற மனுக்களில் “மருமகள் என் மகனுக்கு மருந்து வைத்துவிட்டாள்” என்று மாமியார் தரப்பில் எழுதச் சொல்வார்கள். ஜூனியர்கள் அதை அப்படியே டைப் அடித்துக் கொண்டுவருவார்கள், நான் அந்த வரியைக் கோடுபோட்டு அடித்துவிடுவேன். பையன் வேலைக்குப் போகிறானா, சீட்டுப் பணம் கட்டுகிறானா, வண்டி ஓட்டுகிறானா என்று எதிர்த்தரப்பு வக்கீல் நாலு கேள்வி கேட்டால் மனு நிற்காது. அம்மா பேச்சைக் கேட்பதில்லை என்பதைத் தவிர அவனிடம் வேறு மாற்றமே இருக்காது. அதேபோல “பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன் முகத்துக்கு நேரா எதையோ நீட்டினான், நானே சங்கிலியைக் கழட்டிக் குடுத்துட்டேன்” என்று மயக்கப்பொடி புகார்கள் வரும். சிலவற்றில் ஏமாந்ததை வீட்டில் சொல்ல வெட்கப்பட்டுக் கட்டிய கதை இருக்கும். சிலரை நேரில் பார்த்தால் பொய் சொல்கிறார்கள் என்று தோன்றவே தோன்றாது. கழுத்தைத் தடவிக்கொண்டே, “எனக்கு எல்லாம் தெரிஞ்சுதுங்க, ஆனா குடுக்கணும்னு இருந்துச்சு” என்பார்கள். பொடியை நான் நம்பவில்லை. பேச்சு சாமர்த்தியத்தில் ஒரு மனிதரை அந்த நிலைமைக்குக் கொண்டுபோக முடியும் என்பதை நம்புகிறேன்.

கடைசிச் சந்தேகம், அமைச்சகம் ஏன் விட்டது? நம் சட்டத்தில் விதிவிலக்கு கேட்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும், சாட்சியச் சட்டத்தின் இன்றைய வடிவில் அது 108-ஆம் பிரிவு. சந்தேகத்துக்கு அப்பாற்பட்டு நிரூபிக்கத் தேவையில்லை, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அமைச்சகம் இந்தச் சுமையைத் தலைகீழாக வைத்திருந்ததுபோல் தெரிகிறது, சொன்னவரைப் பொய்யர் என்று அரசு நிரூபிக்க வேண்டிய நிலைமை. அதுவும் ஆளுக்குத் தகுந்தபடி. ஐந்தாம் புத்தகத்தில், வோல்டமோர்ட்டை எதிர்க்கும் அணியில் இருந்த ஸ்டர்ஜிஸ் பாட்மோர் சாபத்தில் சிக்கி அமைச்சகத்தின் பூட்டிய கதவை உடைக்கப் போகிறார். விசாரணையில் வாயே திறக்கவில்லை, அஸ்கபான் சிறையில் ஆறு மாதம். நிஜமாகவே ஆட்டப்பட்டவர் உள்ளே போனார், ஆட்டிவைத்த மால்ஃபோய் அதே காரணத்தைச் சொல்லித்தான் பல வருஷம் முன்பு வெளியே வந்திருந்தார். இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. நல்ல வக்கீலும் செல்வாக்கும் இருக்கிறவர்கள்தான் இந்த மாதிரி வாதத்தைச் சரியாக வைப்பார்கள்.

உண்மை மருந்து வெரிட்டாசீரத்தைக் கொடுத்துக் கேட்டிருக்கலாமே என்று உடனே கேட்பீர்கள். ஸ்லக்ஹார்ன் என்கிற வாத்தியார் அதற்கு மாற்றுமருந்தைக் கையிலேயே வைத்திருப்பார் என்று டம்பிள்டோர் ஒரு இடத்தில் சொல்கிறார், மனத்தை மூடிக்கொள்ளும் வித்தையும் இருக்கிறது. தயாராக வந்தவரிடம் மருந்து பலிக்காது. இங்கே அதற்கு நார்கோ சோதனை என்று பெயர், சோடியம் பென்டோத்தால் ஏற்றிக் கேட்பது. 2010-இல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், சம்மதமில்லாமல் அதைச் செய்யக்கூடாது, சம்மதித்துச் செய்தாலும் அதில் சொன்னது அப்படியே சாட்சியம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கொடுக்கல் வாங்கல் தகராறு முற்றினால் அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பன் முன்னால் சத்தியம் பண்ணுவியா என்று கேட்பார்கள். பாதித் தகராறு அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும். ஆனால் கருப்பனுக்குப் பயப்படாதவனிடம் அது செல்லாது, மால்ஃபோய் நிச்சயம் பயப்படாத ரகம்.

மால்ஃபோய் வழக்கு என் கையில் வந்திருந்தால் சாபத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டேன். மேலே சொன்ன 32-ஆம் பிரிவில் இரண்டு விளக்கங்கள் இருக்கின்றன. கொள்ளைக்கூட்டம் ஒரு கொல்லரைப் பிடித்து, உயிர்பயம் காட்டி, அவருடைய கருவிகளாலேயே ஒரு வீட்டுக் கதவை உடைக்க வைத்தால் கொல்லருக்கு விலக்கு உண்டு. கூட்டத்தின் குணம் தெரிந்தே தானாகப் போய்ச் சேர்ந்தவர், பிறகு மிரட்டிச் செய்ய வைத்தார்கள் என்று சொன்னால் கிடையாது. ஆகவே குறுக்கு விசாரணை இப்படிப் போகும். சாபம் எந்த மாதம் விழுந்தது? அதற்கு முந்தைய மாதம் யார் யார் வீட்டுக்கு வந்து சாப்பிட்டார்கள்? கையில் வோல்டமோர்ட் கூட்டத்தின் அடையாளக் குறியைப் போட்டுக்கொண்டது எப்போது? உங்களை ஆட்டிவைத்த காலத்தில் உங்கள் சொத்து குறைந்ததா, கூடியதா? விடுபட்ட அன்று முதலில் யாரிடம் போய்ச் சொன்னீர்கள், போர் முடிவதற்கு முன்பா பின்பா? கிரவுச் விடுபட்டபோது கிழிந்த துணியோடு காட்டில் ஓடிவந்தார், மரத்திடம் பேசிக்கொண்டிருந்தபோதும் எச்சரிக்கணும் என்றுதான் துடித்தார். நாலாம் புத்தகத்தில் போட்டியாளன் விக்டர் கிரம், போட்டியின் புதிர்ப்பாதையில் சாபத்தில் இருந்தபடி சக போட்டியாளன் செட்ரிக்கைச் சித்திரவதை செய்தான், அதனால் அவனுக்கு ஒரு காசு லாபம் இல்லை.

ஹாரியும் இதே சாபத்தைப் போட்டானே, அவனுக்கு மட்டும் தண்டனை இல்லையா என்றும் கேள்வியின் கடைசியில் ஒரு வரி இருந்தது. மனிதர்மேல் ஒரே ஒரு தடவை போட்டாலே ஆயுள் முழுக்க அஸ்கபான் என்று வகுப்பில் சொல்லப்பட்ட விதிப்படி, டிராவர்ஸ் விஷயத்தில் அவன் மாட்டியிருக்க வேண்டும். நம் சட்டமாக இருந்தால் பெரிய தீங்கைத் தடுக்க நல்லெண்ணத்தோடு செய்த சிறிய தீங்கு என்று 19-ஆம் பிரிவில் வாதாடலாம். அந்த வாதம் டிராவர்ஸ் வரைக்கும் தாங்கும், அவன் எதிரிப் படையில் ஒருவன். தன் பாட்டுக்குக் கல்லாவில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த போக்ராட் விஷயத்தில் நீதிபதியைச் சம்மதிக்க வைப்பது சிரமம், அதிலும் அருவியில் நனைந்து தெளிந்தவன்மேல் இரண்டாம் தடவை போட்டதற்கு.